கட்டியைத் தேடிப் போகும் பெப்டைடு–மருந்து கன்ஜுகேட்: வடிவமைக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "கட்டியில் ஒட்டும் பெப்டைடு ஒன்று இருக்கிறது, புற்றுநோய் மருந்து ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் எப்படி இணைப்பது?"

இணைப்பது பெரிய வேலை இல்லை. கரிம வேதியியல் ஓரளவு பழகியவர் சில வாரங்களில் இணைத்துவிடலாம். இணைத்தது இரத்தத்தில் பிரியக் கூடாது, கட்டியின் செல்லுக்குள் போனதும் பிரிய வேண்டும், பிரிந்து வரும் மருந்து அந்தச் செல்லைக் கொல்லப் போதுமானதாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே மூலக்கூறில் நடக்க வேண்டும் என்பதுதான் சிரமம். எங்கே ஒட்டுகிறது என்பதைவிட எங்கே, எப்போது பிரிகிறது என்பதில்தான் வடிவமைப்பின் பாதி உயிர் இருக்கிறது. நான் இதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். நீங்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படி இணைத்த மூலக்கூறைத்தான் கன்ஜுகேட் என்கிறோம். அதில் மூன்று பாகங்கள் உண்டு. கட்டிச் செல்லின் பரப்பிலுள்ள ஓர் ஏற்பியைப் பிடிக்கும் பெப்டைடு (அமினோ அமிலங்களின் குட்டைச் சங்கிலி), செல்லைக் கொல்லும் மருந்து, இரண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பி. ஆய்வகத்தில் எல்லோரும் லிங்கர் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

மருந்தைச் சுமக்க எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) விட்டுவிட்டுப் பெப்டைடை ஏன் எடுக்க வேண்டும்? எதிர்ப்பொருளின் எடை சுமார் 150 கிலோடால்டன், நம்முடைய பெப்டைடு பெரும்பாலும் 1 முதல் 3 கிலோடால்டன். சிறியது என்பதால் கட்டியின் திசுவுக்குள் வேகமாக ஊடுருவும். வேதியியல் முறையில் செய்வதால் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே மாதிரி இருக்கும், மருந்து எந்த அணுவில் தொங்குகிறது என்பது உறுதியாகத் தெரியும். இதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம். எதிர்ப்பொருள் உடலில் பல நாட்கள் சுற்றும். பெப்டைடோ நொதிகளால் நறுக்கப்பட்டும் சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டும் சில நிமிடங்களில் அல்லது மணிகளில் போய்விடும். கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்தக் குறுகிய நேரத்தை மனதில் வைத்து எடுக்க வேண்டியது.

முதல் படி: ஏற்பி

பெப்டைடை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள், ஏற்பியைத் தேர்ந்தெடுங்கள். நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் சொமேடோஸ்டேட்டின் ஏற்பி 2, புராஸ்டேட் புற்றுநோயில் காஸ்ட்ரின் வெளிவிடும் பெப்டைடின் ஏற்பி, கட்டிக்குள் புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்களில் ஆல்பா-வி பீட்டா-3 இன்டெக்ரின், சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் நெக்டின்-4 ஆகியவை நன்றாக ஆராயப்பட்டவை. புதியவர்கள் இவற்றில் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ஏற்பியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கட்டியில் எவ்வளவு இருக்கிறது, நல்ல திசுக்களில் எங்கே இருக்கிறது, பெப்டைடு பிடித்ததும் ஏற்பி செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகிறதா, உள்ளே போன பின் மறுபடி பரப்புக்கு வருகிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் மேலோட்டமாகத் தாண்டிவிடுகிறார்கள். சொமேடோஸ்டேட்டின் ஏற்பி 2 மண்ணீரலிலும் பிட்யூட்டரி சுரப்பியிலும் கூட இருக்கிறது. அங்கேயும் மருந்து போகும் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் நான் முதலில் செய்வது இதைத்தான், அரைப் பக்கம் தாள் போதும். ஒரு செல்லின் பரப்பில் 1,00,000 ஏற்பிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செல்லின் கன அளவு ஏறத்தாழ 1 பிக்கோலிட்டர், அதாவது 10⁻¹² லிட்டர். எல்லா ஏற்பிகளும் ஆளுக்கு ஒரு மருந்து மூலக்கூறை உள்ளே கொண்டுவந்து விட்டதாகக் கொண்டால், 1,00,000-ஐ அவகாட்ரோ எண்ணான 6.02 × 10²³-ஆல் வகுக்க, 1.7 × 10⁻¹⁹ மோல் வருகிறது. அதைக் கன அளவால் வகுத்தால் 1.7 × 10⁻⁷ மோலார். செல்லுக்குள் சேர்ந்த மருந்தின் செறிவு சுமார் 170 நானோமோலார், அவ்வளவுதான்.

இதில் ஒரு பிணைப்பும் உடையாமல் வீணாகவில்லை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை, எதுவும் வெளியே கசியவில்லை என்று வைத்துத்தான் இந்த எண் வந்தது. உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஏற்பி திரும்பத் திரும்பப் பரப்புக்கு வந்தால் எண் சில மடங்கு கூடும், ஆனால் பெப்டைடு இரத்தத்தில் இருக்கும் குறுகிய நேரத்துக்குள் எத்தனை சுற்று நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்பி செல்லுக்கு 10,000 மட்டுமே என்றால் 17 நானோமோலார். இந்த எண்ணை ஓரமாக எழுதிவையுங்கள், அடுத்த படியில் வேண்டும்.

இரண்டாவது படி: மருந்து

டாக்சோரூபிசின் எல்லோருக்கும் பிடித்த மருந்து. சிவப்பாக ஒளிரும், எளிதில் கிடைக்கும், பழகிய மூலக்கூறு. ஆனால் தனியாகக் கொடுக்கும்போது பெரும்பாலான செல் வகைகளில் அது வேலை செய்யும் செறிவு நூற்றுக்கணக்கான நானோமோலாரிலிருந்து மைக்ரோமோலார் வரை. அதோடு, வெளியே கொடுத்த செறிவைவிடப் பல மடங்கு அது செல்லுக்குள், குறிப்பாக உட்கருவில், சேர்ந்த பிறகுதான் கொல்கிறது. நம் கணக்கில் வந்த 170 நானோமோலாரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்பி வழியாக மட்டும் வரும் டாக்சோரூபிசின் போதாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

எம்எம்ஏஇ எனப்படும் மோனோமெத்தில் ஆரிஸ்டேட்டின் இ, மேடான்சின் வகையைச் சேர்ந்த டிஎம்1 போன்றவை வெளியே ஒரு நானோமோலாருக்கு அருகிலோ அதற்கும் கீழேயோ கொல்லக்கூடியவை. நெக்டின்-4-ஐக் குறிவைக்கும் இரட்டை வளையப் பெப்டைடான பிடி8009-இல் எம்எம்ஏஇ வைக்கப்பட்டதற்குக் காரணம் புரிகிறது அல்லவா? ஏற்பியின் எண்ணிக்கை குறையக் குறைய மருந்தின் வீரியம் கூட வேண்டும். வீரியம் கூடினால் தவறான இடத்தில் பிரியும் ஒவ்வொரு மூலக்கூறும் அதிகம் கெடுக்கும், ஆகவே லிங்கர் இன்னும் உறுதியாக இருக்க வேண்டும். ஒன்றை இழுத்தால் மற்றது நகரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது: மருந்துக்குப் பதிலாகக் கதிரியக்கத் தனிமம். இந்தத் துறையின் மிகப் பெரிய வெற்றி அங்கேதான் கிடைத்தது. ஆக்ட்ரியோடேட் என்ற பெப்டைடில் டோட்டா என்ற கூண்டை மாட்டி, அதற்குள் லுட்டீசியம்-177-ஐ வைத்த லுடாத்தெரா 2017-இல் ஐரோப்பாவிலும் 2018 ஜனவரியில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அதில் எதுவும் பிரிய வேண்டிய தேவை இல்லை. லுட்டீசியம் வெளியிடும் பீட்டா துகள் திசுவில் அதிகபட்சம் சுமார் 2 மில்லிமீட்டர் போகும், ஆகவே ஏற்பி இல்லாத பக்கத்துச் செல்லுக்கும் அடி விழும். செல் கொல்லி மருந்தைச் சுமக்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதலாக வரும் சுமை பிரிதல் என்ற ஒன்றுதான்.

மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் அதை எந்த இடத்தில் பிடிப்பது என்று பாருங்கள். டாக்சோரூபிசினில் மூன்று பிடிகள் உண்டு: சர்க்கரைப் பகுதியின் அமீன், 13-ஆம் கார்பனிலுள்ள கீட்டோன், 14-ஆம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சில். அமீனில் அமைடாகக் கட்டினால் உறுதி, ஆனால் அது அவிழாவிட்டால் மருந்தின் வீரியம் பெரிதும் குறையும். கீட்டோனில் ஹைட்ரசோன் கட்டினால் அமிலத்தில் அவிழும். ஹைட்ராக்சிலில் எஸ்டர் கட்டுவது சுலபம், அதைப் பற்றி லிங்கர் பகுதியில் வருத்தத்தோடு பேச வேண்டியிருக்கிறது.

மூன்றாவது படி: பெப்டைடு

இயற்கையான சொமேடோஸ்டேட்டினில் 14 அமினோ அமிலங்கள். இரத்தத்தில் அதன் அரை ஆயுள் 2, 3 நிமிடங்கள்தான். அதைச் சுருக்கி 8 அமினோ அமிலங்களாக்கி உருவான ஆக்ட்ரியோடைடின் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். என்ன செய்தார்கள் என்று கிட்டே போய்ப் பார்ப்பது எந்தப் பாடத்தையும்விடப் பயன் தரும்.

அதன் நெருங்கிய உறவான, லுடாத்தெராவில் இருக்கும் ஆக்ட்ரியோடேட்டின் வரிசை இது: டி-பினைல்அலனின், சிஸ்டீன், டைரோசின், டி-டிரிப்டோபன், லைசின், திரியோனின், சிஸ்டீன், திரியோனின். இரண்டு சிஸ்டீன்களும் டைசல்பைடாக இணைந்து ஒரு வளையம் ஆகின்றன. வளையத்தின் நுனியில் டி-டிரிப்டோபனும் லைசினும் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஏற்பியின் குழிக்குள் போய் அமர்வது அந்தத் திருப்பம்தான். வளையம் அந்தத் திருப்பத்தைக் குலையாமல் வைத்திருக்கிறது. தொடக்கத்திலும் நடுவிலும் உள்ள டி-வடிவ (இயல்பானதன் கண்ணாடிப் பிம்பமான) அமினோ அமிலங்களை நம் உடலின் நொதிகள் எளிதில் கடிக்க முடியாது. எட்டே எழுத்துகளில் பிடிப்பு, உறுதி, நொதிக்குத் தப்புதல் மூன்றும் அடங்கிவிட்டன.

சரி, இதில் மருந்தை எங்கே தொங்கவிடுவது? அமீன் உள்ள இடங்கள் இரண்டு: முன்முனையிலுள்ள டி-பினைல்அலனின், நடுவிலுள்ள லைசினின் பக்கச் சங்கிலி. லைசினைப் பிடித்தால் ஏற்பிக்குள் போக வேண்டிய சாவிப் பல்லிலேயே சுமையைக் கட்டியதாகிவிடும், பிடிப்பு போய்விடும். ஆகவே முன்முனைதான் சரியான இடம். லுடாத்தெராவில் டோட்டாக் கூண்டு அங்கேதான் தொங்குகிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்டெக்ரினைப் பிடிக்கும் ஆர்ஜினின்–கிளைசின்–ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்றெழுத்து வரிசை 1984-இல் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தில் கண்டறியப்பட்டது. அதோடு டி-பினைல்அலனினையும் லைசினையும் சேர்த்து ஐந்து அமினோ அமில வளையமாக்கினால் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் பெப்டைடு கிடைக்கும். அந்த வளையத்தில் லைசின் ஏற்பியைப் பார்த்து இருப்பதில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மருந்தைக் கட்டுவதற்கென்றே லைசின் வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் லைசின் சாவி, இன்னொன்றில் லைசின் கைப்பிடி. "லைசின் இருக்கிறது, அதில் கட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு வளையங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெப்டைடின் அமைப்பு இப்படித் தெளிவாகத் தெரியாவிட்டால், ஒவ்வொரு இடத்திலும் அலனினை மாற்றி வைத்துப் பிடிப்பை அளக்கும் அலனின் ஸ்கேன் செய்ய வேண்டும். எந்த இடத்தை மாற்றினாலும் பிடிப்பு கெடவில்லையோ அந்த இடமே கட்டத் தகுந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபாஜின் மேல் பெப்டைடுகளைக் காட்டி, பிடிப்பவற்றைத் தேர்ந்தெடுக்கும் ஃபாஜ் டிஸ்ப்ளே வழியாகக் கிடைத்த பெப்டைடு என்றால் ஒரு சிறு வசதி உண்டு. ஜார்ஜ் ஸ்மித் 1985-இல் வெளியிட்டு, 2018-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த முறை அது. எம்13 ஃபாஜின் மூன்றாம் புரதத்தில் காட்டப்படும் நூலகங்களில் பெப்டைடின் பின்முனை ஏற்கெனவே ஃபாஜோடு ஒட்டியிருக்கும். ஒரு பெரிய வைரஸையே சுமந்துகொண்டு அது ஏற்பியைப் பிடித்திருக்கிறது, ஆகவே பின்முனையில் சுமை கட்டினால் தாங்கும் என்று நம்பலாம். முன்முனையில் கட்டினால் அந்த உத்தரவாதம் இல்லை.

நான்காவது படி: லிங்கர்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

லிங்கரில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று தூரம்: மருந்து பெப்டைடின் மேல் இடிக்காமல் இருக்க ஒரு சின்ன இடைவெளி. இதற்குப் பெரும்பாலும் குட்டையான பாலிஎத்திலீன் கிளைகால் துண்டோ ஓரிரு கிளைசின்களோ போதும். மருந்து எண்ணெய்த்தன்மை மிக்கதாக இருந்தால் கிளைகால் துண்டு கரைதிறனுக்கும் உதவும். மற்றொன்று விசை: எந்த இடத்தில், எதைக் கண்டு அவிழ வேண்டும் என்பது.

நொதியைக் கண்டு அவிழும் விசைகளில் அதிகம் புழங்குவது வேலின்–சிட்ருலின். லைசோசோமில் இருக்கும் கேத்தெப்சின் பி என்ற நொதி சிட்ருலினுக்குப் பின்னால் வெட்டும். வெட்டிய உடனே, பின்னால் இருக்கும் பாரா-அமினோபென்சைல் பகுதி தானாகக் கழன்று விழுந்து, மருந்து எந்த வாலும் ஒட்டாமல் வெளியே வரும். வால் இல்லாமல் வருவது முக்கியம். கிளைசின்–பினைல்அலனின்–லியூசின்–கிளைசின் என்ற நான்கெழுத்து லிங்கரும் கேத்தெப்சினால் வெட்டப்படும், ஆனால் சில நேரம் ஓர் அமினோ அமிலம் மருந்தோடு ஒட்டியபடியே வரும். அந்த ஒட்டு மருந்தின் வீரியத்தைக் குறைக்கிறதா என்று தனியாகச் செய்து சோதிக்க வேண்டும்.

வேலின்–சிட்ருலினில் எலிகளோடு வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. சுண்டெலியின் இரத்தத்தில் இருக்கும் கார்பாக்சில் எஸ்டரேஸ் 1சி என்ற நொதி இந்த லிங்கரை வெட்டிவிடும். மனித இரத்தத்தில் இந்தத் தொல்லை இல்லை. சுண்டெலியில் லிங்கர் நிற்கவில்லை என்று நல்ல மூலக்கூறைத் தூக்கிப் போடுவதும் நடக்கிறது, சுண்டெலியில் கிடைத்த நச்சுத்தன்மையை மனிதனுக்கும் அப்படியே சொல்வதும் நடக்கிறது. வேலினுக்கு முன்னால் ஒரு குளூட்டமிக் அமிலம் சேர்த்தால் சுண்டெலி இரத்தத்திலும் தாக்குப்பிடிக்கும்.

டைசல்பைடு, தயோல் கொண்ட சிறு மூலக்கூறான குளூட்டத்தயோனைக் கண்டு அவிழும். செல்லுக்குள் குளூட்டத்தயோன் 1 முதல் 10 மில்லிமோலார் வரை, பிளாஸ்மாவில் மைக்ரோமோலார் அளவுதான். ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் மெத்தில் குழுக்கள் வைத்து மறைக்காத டைசல்பைடு, இரத்தப் புரதமான அல்புமினின் தயோலோடும் மாற்றிக்கொள்ளும். ஹைட்ரசோன் அமிலத்தில் அவிழும். லைசோசோமின் பிஎச் 4.5 முதல் 5, இரத்தத்தின் பிஎச் 7.4. இரண்டுக்கும் நடுவே கட்டியின் வெளிப்புறம் 6.5-க்கும் 6.9-க்கும் இடையே இருப்பதால், கட்டிக்கு வெளியே அவிழ வேண்டும் என்று வடிவமைத்தால் விளிம்பு மிகக் குறுகியதாகிவிடும். நான் அதை நம்பி இறங்க மாட்டேன்.

அப்புறம் எஸ்டர். என் முதல் கன்ஜுகேட் எஸ்டர் லிங்கரில்தான் கட்டப்பட்டது. 72 மணி நேரச் செல் சோதனையில் அது தனி மருந்துக்குச் சமமாகக் கொன்றது. ஏற்பி வழியாக உள்ளே போகிறது என்று நம்பி ஆறு மாதம் அதைச் சுற்றியே வேலை செய்தேன். பிறகு அதே அமினோ அமிலங்களைக் கலைத்துப் போட்டு, ஏற்பியைப் பிடிக்கவே முடியாத ஒரு பெப்டைடில் அதே லிங்கரையும் அதே மருந்தையும் கட்டிச் சோதித்தேன். அதுவும் அதே அளவுக்குக் கொன்றது. வளர்ப்பு ஊடகத்தில் இருந்த சீரத்தின் எஸ்டரேஸ்கள் முதல் சில மணி நேரத்திலேயே மருந்தைக் கழற்றிவிட்டிருந்தன. செல்லுக்குள் போனது தனி மருந்துதான், பெப்டைடுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

பெரிய அளவிலும் எஸ்டர் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது உண்டு. எல்எச்ஆர்எச் என்ற ஹார்மோன் பெப்டைடின் ஒரு வடிவத்தில் டாக்சோரூபிசினை எஸ்டர் வழியாகக் கட்டிய சோப்டரெலின் டாக்சோரூபிசின், கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனை வரை சென்றது. 2017-இல் வந்த முடிவில், டாக்சோரூபிசினைத் தனியாகப் பெற்றவர்களைவிட அதைப் பெற்றவர்கள் அதிக நாள் வாழவில்லை. ஒரு மருந்து தோற்பதற்குக் காரணங்கள் பல இருக்கலாம், எல்லாப் பழியையும் லிங்கர் மேல் போட மாட்டேன். ஆனால் இரத்தத்தில் எஸ்டர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் எஸ்டர் கட்ட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பெப்டைடையும் லிங்கரையும் சேர்க்கும் பிணைப்பையும் மறக்காதீர்கள். தயோல்–மாலிமைடு வேகமாகவும் சுத்தமாகவும் நடக்கும், ஆனால் அது பின்னோக்கியும் அவிழக்கூடியது. அவிழ்ந்த மாலிமைடு அல்புமினின் 34-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீனில் போய் ஒட்டிக்கொள்ளும். சேர்த்த பின் மாலிமைடு வளையத்தை மெல்லிய காரத்தில் நீராற்பகுக்க வைத்துத் திறந்துவிட்டால் பிணைப்பு நிலைத்துவிடும்.

ஐந்தாவது படி: செய்வது

திடநிலைப் பெப்டைடு தொகுப்பை மெரிஃபீல்டு 1963-இல் தந்தார். இன்று எஃப்மாக் முறையில் யாரும் செய்யலாம், அதை இங்கே விரிக்கவில்லை. வரிசைமுறையை மட்டும் சொல்கிறேன், தவறு நடப்பது அங்கேதான்.

பெப்டைடு ரெசினில் (அதை வளர்க்கும் திட மணிகளில்) இருக்கும்போது மருந்தைக் கட்டாதீர்கள். ரெசினிலிருந்து கழற்ற 95 சதவீத டிரைஃபுளூரோ அசெட்டிக் அமிலம் போடுவோம், டாக்சோரூபிசினின் சர்க்கரைப் பிணைப்பு அந்த அமிலத்தைத் தாங்காது. பெப்டைடை முழுவதும் செய்து, லைசினின் அமீன் பாக் என்ற தற்காலிக மூடியோடு இருக்கும்போதே முன்முனையில் ஓர் அசைடைத் தாங்கிய சிறு துண்டைக் கட்டி, பிறகு ரெசினிலிருந்து இறக்குங்கள். அமிலத்தில் பாக்கும் போய்விடும், ஆனால் அதற்குள் முன்முனை மூடப்பட்டு அசைடு வைக்கப்பட்டிருக்கும். மிச்சமிருக்கும் லைசின் அமீனை அசைடு வேதியியல் தொடாது.

பிறகு வளையம். நீர்த்த கரைசலில், 1 மில்லிமோலாருக்கும் கீழே, மெதுவாக ஆக்சிஜனேற்றம் செய்யுங்கள். செறிவு கூடினால் இரண்டு பெப்டைடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். வளையம் சரியாக மூடினால் நிறை 2 டால்டன் குறையும், மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் அதைப் பாருங்கள். பெப்டைடில் ஏற்கெனவே டைசல்பைடு இருக்கும்போது இன்னொரு தனிச் சிஸ்டீனை வைத்து மாலிமைடு கட்டலாம் என்று யோசிக்க வேண்டாம். கந்தகங்கள் இடம் மாறிக் குழம்பிவிடும். ஆகவே அசைடு–ஆல்கைன் கிளிக் வினைதான் இங்கே பொருத்தம். அதன் செம்பு வழியைக் கண்டவர்களில் ஒருவரான மெல்டால் அதைக் கண்டதே ரெசின் மேல் கட்டிய பெப்டைடுகளில்தான். 2022 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. செம்பு பயன்படுத்தினால் கடைசியில் உலோகத்தைப் பிடிக்கும் ஈடிடிஏ போட்டு முழுவதும் நீக்குங்கள், மிஞ்சும் செம்பே செல்லைக் கொல்லும்.

கடைசியாக ஹெச்பிஎல்சி சுத்திகரிப்பு. பொதுவாக 95 சதவீதத் தூய்மை போதும் என்பார்கள். இங்கே அதோடு நிறுத்தக் கூடாது. மிச்சம் 5 சதவீதத்தில் தனி மருந்து எவ்வளவு என்று தனியாக அளக்க வேண்டும். எம்எம்ஏஇ போன்ற மருந்து 2 சதவீதம் தனியாகக் கலந்திருந்தாலே, செல் சோதனையில் உங்கள் கன்ஜுகேட் தனி மருந்தில் ஐம்பதில் ஒரு பங்கு வீரியம் கொண்டதாகத் தோன்றும், உண்மையில் அது எதுவும் செய்யாவிட்டாலும். இந்த வகை மருந்தைத் தூளாக எடைபோடும்போது மூடிய தராசும் இரட்டைக் கையுறையும் வேண்டும். நானோமோலாரில் கொல்வது உங்கள் கைக்கும் அதே மூலக்கூறுதான்.

ஆறாவது படி: சோதிப்பது

வரிசை மாறக் கூடாது: முதலில் பிடிப்பு, பிறகு பிளாஸ்மா, பிறகு நொதி, அதன் பிறகே செல். முழுக் கன்ஜுகேட்டின் பிடிப்பைத்தான் அளக்க வேண்டும், வெறும் பெப்டைடின் பிடிப்பை அல்ல. மருந்து சேர்ந்த பிறகு அது வேறொரு மூலக்கூறு. பிளாஸ்மா சோதனையில் 37 டிகிரியில் வைத்து, 0, 15, 30 நிமிடம், 1, 2, 4, 8, 24 மணி நேரத்தில் எடுத்து, குளிர்ந்த அசெட்டோநைட்ரைலில் புரதத்தை வீழ்த்தி, எஞ்சியதையும் பிரிந்ததையும் அளவிடுங்கள். மனிதப் பிளாஸ்மா, சுண்டெலிப் பிளாஸ்மா, வெறும் பஃபர் மூன்றிலும் செய்ய வேண்டும். பஃபரிலேயே பிரிந்தால் நொதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

செல் சோதனையில் 72 மணி நேரம் கன்ஜுகேட்டை ஊடகத்தில் விட்டுவைக்காதீர்கள். உடலில் அது அவ்வளவு நேரம் இருக்கப் போவதில்லை. 30 நிமிடம் அல்லது ஒரு மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவி, புது ஊடகம் ஊற்றி, அப்புறம் 72 மணி நேரம் காத்திருங்கள். என்னை ஆறு மாதம் ஏமாற்றிய மூலக்கூறை இந்த ஒரு கழுவல் ஒரே வாரத்தில் காட்டிக்கொடுத்திருக்கும். கூடவே நான்கு கட்டுப்பாடுகள் வேண்டும். தனி மருந்து, கலைத்துப்போட்ட பெப்டைடின் கன்ஜுகேட், வெட்ட முடியாத லிங்கரில் கட்டிய அதே கன்ஜுகேட், நூறு மடங்கு வெறும் பெப்டைடை முதலில் கொடுத்து ஏற்பியை அடைத்த பிறகு உங்கள் கன்ஜுகேட். செல்களும் இரண்டு வகை வேண்டும், ஏற்பி உள்ளது, ஏற்பி இல்லாதது. ஆல்பா-வி பீட்டா-3 இன்டெக்ரின் யு87எம்ஜி செல்களில் நிறைய இருக்கிறது, எம்சிஎஃப்-7-இல் மிகக் குறைவு. இந்த இரண்டிலும் ஒரே அளவு கொன்றால் குறிவைத்தல் நடக்கவில்லை.

விலங்கில் இறங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய உறுப்பு கட்டி அல்ல, சிறுநீரகம். இந்த அளவுள்ள பெப்டைடு அங்கே வடிகட்டப்பட்டு, சிறுகுழாய்களின் செல்கள் மெகாலின் என்ற ஏற்பியின் வழியாக அதைத் திரும்ப உள்ளிழுக்கும். அந்தச் செல்களுக்கும் லைசோசோம் உண்டு, கேத்தெப்சினும் உண்டு. கட்டிக்காக நீங்கள் வைத்த விசை சிறுநீரகத்திலும் அவிழும். லுடாத்தெரா கொடுக்கும்போது லைசினும் ஆர்ஜினினும் கலந்த கரைசலைச் சேர்த்துச் செலுத்துவது இந்த உள்ளிழுத்தலைத் தடுக்கத்தான். பெப்டைடில் நேர்மின்னூட்டம் குறைய, சிறுநீரகத்தில் தங்குவதும் பெரும்பாலும் குறையும், ஆகவே தேவையில்லாத லைசின், ஆர்ஜினின்களை வரிசையிலிருந்து முன்பே நீக்கிவிடுங்கள்.

முதல் மூலக்கூறு

இவ்வளவும் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று கேட்டால், என் பதில்: முதல் மூலக்கூறில் மருந்தே வேண்டாம். அதன் இடத்தில் ஒளிரும் சாயம் ஒன்றை வையுங்கள். ஃபுளூரசீன் ஐசோதயோசயனேட் என்றால் முன்முனையில் நேரடியாக ஒட்டாமல், நடுவே அமினோஹெக்சனாயிக் அமிலம் ஒன்றை வைத்து ஒட்டுங்கள். நேரடியாக ஒட்டினால் ரெசினிலிருந்து இறக்கும் அமிலத்தில் முதல் அமினோ அமிலத்தையும் எடுத்துக்கொண்டு சாயம் கழன்றுவிடும். ஃபுளூரசீன் அமிலத்தில் மங்கும் என்பதால், லைசோசோமைப் பார்க்க வேண்டுமென்றால் பிஎச் மாற்றத்தைத் தாங்கும் ரோடமின் வகைச் சாயம் நல்லது.

ஏற்பி உள்ள செல்களை இரண்டு தட்டில் எடுத்து, ஒன்றை 4 டிகிரியிலும் மற்றொன்றை 37 டிகிரியிலும் சாயப் பெப்டைடோடு 30 நிமிடம் வையுங்கள். 4 டிகிரியில் செல்லைச் சுற்றி மெல்லிய வளையமாகவும், 37 டிகிரியில் உள்ளே சிறு புள்ளிகளாகவும் ஒளி தெரிய வேண்டும். மூன்றாவது தட்டில் நூறு மடங்கு வெறும் பெப்டைடை முதலில் போட்டால் வளையமும் புள்ளியும் மறைய வேண்டும். மூன்றும் அப்படியே நடந்தால் மருந்தை வாங்க ஆர்டர் கொடுங்கள். வளையம் மட்டும் தெரிந்து புள்ளிகள் வராவிட்டால் ஏற்பி உள்ளே இழுக்கவில்லை என்று பொருள், திரும்ப முதல் படிக்குப் போய் வேறு ஏற்பியைப் பாருங்கள்.